பாவம் வேறு, குற்றம் வேறு

மாணவ மாணவியரே,

பழைய கடன் ஒன்றைத் தீர்க்கும் பொருட்டே இன்று உங்கள்முன் பேச முற்படுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணிப்பொறியின் வரலாற்றைக் கூறும் நூலொன்றை ஏந்திக்கொண்டு என் அறைக்கு வந்தான். "ஐயா, ஆலன் டூரிங் என்பவர் போர்க்காலத்தில் பகைவரின் மறைமொழியைக் கண்டறிந்து தம் நாட்டைக் காப்பாற்ற உதவினாராம். அவரையே 1952-இல் நீதிமன்றம் தண்டித்தது என்று இந்நூலில் இருக்கிறது. அவர் செய்த குற்றம் என்ன, ஐயா?" என்று வினவினான்.

விடை எனக்குத் தெரியும். டூரிங் மற்றோர் ஆடவருடன் உறவு கொண்டிருந்தார். அன்றைய ஆங்கிலேயச் சட்டம் அதனைக் குற்றம் என்றது. சிறை செல்வதற்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை உடலில் ஏற்றிக்கொள்ள அவர் இசைய வேண்டியதாயிற்று. 1954-இல், நாற்பத்திரண்டு வயதும் நிரம்புமுன், நச்சுப்பொருளால் இறந்தார். விசாரணை மன்றம் அதனைத் தற்கொலை என்று முடிவு செய்தது. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், "அது பரீட்சைக்கு வராது, போய்ப் பாடத்தைப் படி" என்று அவனை அனுப்பிவிட்டேன். அவன் அறிவார்வத்தால் கேட்டானா, அன்றித் தன் நெஞ்சை உறுத்திய ஒன்றைப் பற்றித்தான் கேட்டானா என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது அவன் எங்கிருக்கிறான் என்பதே தெரியவில்லை. அவனுக்குச் சொல்லாத விடையை உங்களுக்காவது சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆண் ஆணிடத்தும் பெண் பெண்ணிடத்தும் காதல் கொள்ளும் இயல்பினைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். இவ்வியல்புடையாரைச் சமயங்கள் நெடுங்காலம் கடிந்து வந்தன. எனினும் சமயங்களின் கருத்து என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. அது எவ்வாறு மாறுகிறது, எவற்றால் மாறுகிறது, மாற மறுப்போர் கூறும் காரணம் யாது என்பனவே இவ்வுரையின் பொருள். எல்லாச் சமயங்களையும் ஒருங்கே எடுத்துக்கொண்டால் எதனையும் தெளிவாகக் காண இயலாது. ஆகவே இங்கிலாந்து நாட்டின் கிறித்தவ சபைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்நாட்டின் பழைய சட்டம் நம் நாட்டிற்கும் வந்து 150 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது என்பதால் அக்கதை நமக்கு முற்றிலும் அயலானதன்று.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இங்கிலாந்தில் இத்தகைய செயல்களை விசாரித்தவை திருச்சபையின் மன்றங்களே. அவை பாவமாகக் கருதப்பட்டன. பாவத்திற்குரிய கழுவாயைச் சபை விதித்தது. எட்டாம் ஹென்றி மன்னர் திருச்சபையின் அதிகாரங்களைத் தம் கைக்குக் கொணர்ந்த காலத்தில், 1533-ஆம் ஆண்டில், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அன்று பாவம் குற்றமாயிற்று. குற்றத்திற்குத் தண்டனை மரணம். இக்குற்றத்திற்காக இறுதியாகத் தூக்கிலிடப்பட்டோர் இருவர், ஆண்டு 1835. மரண தண்டனை 1861-இல் நீக்கப்பட்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1885-இல் வந்த சட்டத்திருத்தம் ஆடவர்க்கிடையே தனிமையில் நிகழும் எவ்வகை நெருக்கத்தையும் குற்றமாக்கியது. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-இல் இரண்டாண்டுக் கடுங்காவல் பெற்றதும், டூரிங் 1952-இல் தண்டிக்கப்பட்டதும் இத்திருத்தத்தின் கீழேதான்.

இதற்கிடையில், மெக்காலே பிரபுவின் தலைமையில் அமைந்த சட்டக்குழு 1837-இல் இந்தியாவுக்கு ஒரு தண்டனைச் சட்டத்தின் வரைவினைத் தந்தது. அது பல மாற்றங்களுடன் 1860-இல் நிறைவேறி, 1862-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377-ஆம் பிரிவு இங்கிலாந்தின் பழைய சட்டத்தின் வழிவந்தது. இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த வேறு பல நாடுகளுக்கும் இத்தகைய சட்டங்கள் சென்றன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் இதற்கே திரும்ப வருவோம்.

இனி, மாற்றம் எங்குத் தொடங்கிற்று என்பதைக் காண்போம். சட்டத்தைத் தளர்த்தும்படி முதலில் கேட்டவர்கள் சமயத்தை வெறுத்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நீங்கள் கருதலாம். உண்மை அதுவன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் அறநலக் குழுவொன்று 1950-களின் தொடக்கத்திலேயே மருத்துவர்களையும் குருமாரையும் கொண்டு இப்பொருளை ஆராய்ந்தது. 1954-இல் அது வெளியிட்ட சிறு அறிக்கை, இச்சட்டத்தை அரசாங்கம் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று கூறிற்று. அதே ஆண்டில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஜான் உல்ஃபெண்டன் என்பார்; ரெடிங் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அதற்கு முன்னர் அவர் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை, அத்தொழில் புரிந்தவன் என்ற முறையில், சற்றுப் பெருமையுடன் குறிப்பிடுகிறேன்.

மூன்றாண்டு ஆய்வுக்குப் பின் 1957 செப்டம்பரில் அக்குழு தன் அறிக்கையைத் தந்தது. வயதுவந்த இருவர் தம் இசைவுடன் தனிமையில் செய்வது சட்டத்தின் எல்லைக்குள் வருவதன்று என்பது அதன் முடிவு. இங்கிலாந்துத் திருச்சபை அக்குழுவின் முன் சான்றளித்தது. கத்தோலிக்கப் பேராயரான கார்டினல் கிரிஃபின் அமைத்த குழுவும் சட்டத்தை மாற்றலாம் என்றே கருத்துரைத்தது. கான்டர்பரியின் தலைமைப் பேராயர் ஃபிஷர் அறிக்கையை ஆதரித்தார். அவருக்குப் பின் வந்த மைக்கேல் ராம்சே 1965-இல் பிரபுக்கள் சபையில் சட்டமாற்றத்திற்கு ஆதரவாகப் பேசினார். 1967 ஜூலையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தொரு வயது நிரம்பியோர்க்குச் சட்டம் மாறிற்று.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஃபிஷரும் ராம்சேயும் இச்செயல்களை நல்லவை என்று கூறவில்லை. பாவம் என்றே கருதினர். ஆயினும், பாவம் அனைத்தும் குற்றமாதல் வேண்டுவதில்லை என்பது அவர்கள் வாதம். பொய் பேசுதல் பாவம். அதற்காக ஒருவரும் சிறைக்குச் செல்வதில்லை. மேலும், அச்சட்டம் பயமுறுத்திப் பணம் பறிப்போர்க்கே பெருந்துணையாக இருந்தது. ஆகவே மாற்றத்தின் முதற்படி, கொள்கை மாறியதன்று. கொள்கையைக் காக்கக் காவலரும் சிறைச்சாலையும் தேவையில்லை என்று உணர்ந்தது. 1533-இல் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட பாவமும் குற்றமும் 434 ஆண்டுகளுக்குப் பின் வேறு வேறாகப் பிரிக்கப்பட்டன.

இரண்டாம் படி, மறைநூலை மீண்டும் படித்தல். திருச்சபையின் ஆய்வில் பங்குகொண்ட டெரிக் ஷெர்வின் பெய்லி என்னும் குருவானவர் 1955-இல் ஒரு நூல் வெளியிட்டார். சோதோம் நகரம் தன்பாலீர்ப்பின் காரணமாக அழிக்கப்பட்டது என்றே கிறித்தவர் நெடுங்காலம் நம்பினர். பெய்லியோ, அந்நகரின் பாவம் விருந்தினரை இழித்து நடத்தியதே என்று வாதித்தார். எசேக்கியேல் ஆகமத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால், சோதோமின் அக்கிரமமாக அங்கே சொல்லப்படுவன செருக்கும், உணவு மிகுந்திருந்தும் ஏழைக்கு உதவாமையும் ஆகும் என்பதைக் காணலாம். பெய்லியின் வாதத்தில் சில பகுதிகளைப் பின்வந்த அறிஞர் மறுத்தனர். லேவியராகமத்திலும் ரோமருக்கு எழுதிய நிருபத்திலும் உள்ள கண்டனங்கள் அப்படியே இருந்தன. எனினும், 'நூல் இவ்வாறு கூறுகிறது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நிலை அன்றோடு போயிற்று. நூல் கூறுவது என்ன, நாம் அதில் ஏற்றிப் படித்தது என்ன என்ற வினா பிறந்தது.

இதற்கு முன்னரே, எவரும் எதிர்பாராத ஒரு திசையில், வேறொரு வாயில் திறந்திருந்தது. உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் ஆயர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை போலக் கூடும் லாம்பெத் மாநாடு, 1908-இலும் 1920-இலும் கருத்தடையைக் கண்டித்தது. 1930-இல், சில வரம்புகளுடன், ஏற்றுக்கொண்டது. இதன் பொருள் யாது? இல்லறத்தில் உடலுறவின் பயன் மகப்பேறு ஒன்றே அன்று. கணவன் மனைவியரின் அன்பும் துணைமையும் தம்மளவிலேயே பயன் என்பதாம். அவ்வாறாயின், மகப்பேறு இல்லாத காரணத்தால் மட்டும் வேறோர் அன்பைத் தள்ளிவிடலாகுமா என்று பின்வந்தோர் வினவினர். 1930-இல் கூடிய ஆயர்கள் இதனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். ஆயினும் ஓரிடத்தில் ஒரு கல்லை அசைத்தால் அதன்மேல் அமர்ந்த கற்களும் அசைகின்றன.

மூன்றாம் படியே யாவற்றினும் முக்கியமானது. அஃது, மனிதரை நேரில் அறிதல். இதற்குக் குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தாரின் வரலாறு சிறந்த சான்று. அவர்கள் எண்ணிக்கையில் சிறியர். தம் இயல்பால் துன்புற்ற இளம் மாணவர் சிலர், ஆலோசனை நாடி மூத்த குவேக்கர்களிடம் வந்தனர். வந்தவர்களுக்கு என்ன விடை கூறுவது என்று அறியாத மூத்தோர், "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லவில்லை. 1957-இல் ஒரு சிறு குழுவாகக் கூடி ஆராயத் தொடங்கினர். ஆசிரியரும் மருத்துவரும் உளநூல் வல்லாரும் அதில் இருந்தனர். 1963-இல் தம் முடிவுகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டனர். ஓர் உறவின் தன்மையை அதன் புறத்தோற்றத்தைக் கொண்டு அளக்கலாகாது. அதில் அன்பும் பொறுப்பும் உண்டா, ஒருவர் மற்றவரைச் சுரண்டுகிறாரா என்று பார்த்தே அளத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து. தன்பாலீர்ப்பை இடக்கைப் பழக்கத்தோடு அவர்கள் ஒப்பிட்டனர்.

இவ்வுவமையை நான் முதன்முதல் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தேன். இடக்கையால் எழுதிய குழந்தைகளின் விரற்கணுக்களில் அளவுகோலால் அடித்து, வலக்கைக்கு மாற்றிய ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கொடியவர் அல்லர். குழந்தையின் நன்மைக்காகவே செய்வதாக மனமார நம்பினர். அடிபட்ட குழந்தை வலக்கைக்காரனாகிவிடவில்லை. திக்கித் திணறி எழுதும் இடக்கைக்காரனாகவே இருந்தான். இன்று எந்தப் பள்ளியிலும் அது பெருமைக்குரிய செயலாகக் கருதப்படுவதில்லை.

1963-ஆம் ஆண்டு நூல் அச்சங்கத்தின் அதிகாரபூர்வமான கொள்கை அன்று. அதனை எதிர்த்த குவேக்கர் பலர். அவர்களிடம் வாக்கெடுக்கும் வழக்கம் இல்லை. அமைதியாக அமர்ந்து, ஒவ்வொருவராகப் பேசி, கூட்டத்தின் ஒருமித்த மனம் எதுவென்று தெளிந்த பின்னரே எழுத்தர் அதனைப் பதிவு செய்வார். இவ்வாறு பொறுத்துப் பொறுத்து, 2009-இல் யார்க் நகரில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில்தான், ஒரே பாலினத்தார் இருவரின் திருமணத்தையும் ஏனையோர் திருமணத்தைப் போலவே நடத்துவது என்று முடிவு செய்தனர். நூல் வெளிவந்ததற்கும் முடிவு பிறந்ததற்கும் இடையே 46 ஆண்டுகள். சிறிய சங்கமே, ஒருமனப்பட்டு மாற, அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

பெரிய திருச்சபையோ முன்னேறியும் பின்னடைந்தும் சென்றது. 1987-இல் அதன் மாமன்றம் தன்பாலினச் செயல்கள் மனந்திரும்புதலுக்குரியவை என்று தீர்மானித்தது. 1991-இல் ஆயர்கள் வெளியிட்ட அறிக்கை, மனச்சான்றின்படி ஒருவர்க்கொருவர் உண்மையாக வாழும் பொதுமக்களைச் சபை புறக்கணிக்கலாகாது என்றும், குருமார்க்கு அவ்வுரிமை இல்லை என்றும் இரண்டு அளவுகோல்களை வைத்தது. 1998-இல் லாம்பெத் மாநாடு, இச்செயல்கள் வேதத்திற்கு ஒவ்வாதவை என்று 526 வாக்குகளுக்கு 70 என்ற பெரும்பான்மையில் தீர்மானித்தது. அதே தீர்மானம், தன்பாலீர்ப்புடையோரின் அனுபவத்தைச் செவிமடுக்க வேண்டும் என்றும் கூறிற்று. 2003-இல் ஜெஃப்ரி ஜான் என்னும் குரு ரெடிங் நகரின் ஆயராக நியமிக்கப்பட்டு, எதிர்ப்பின் காரணமாகப் பதவியேற்காமலே விலகினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஜீன் ராபின்சன் என்பவர், தம் ஆண் துணைவருடன் வெளிப்படையாக வாழ்ந்தவர், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இதனால் உலக ஆங்கிலிக்கன் சபைகளிடையே பெரும்பிளவு தோன்றிற்று. மரபினைக் காக்க விழைந்தோர் 2008-இல் எருசலேமில் தனி மாநாடு கூட்டினர்.

எதிர்த்தவர்களை எல்லாம் வன்னெஞ்சர் என்று தள்ளிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. அவர்கள் கூறும் காரணத்தை அவர்கள் வாயிலாகவே கேட்போம். வேதத்தின் தெளிவான சொல்லைக் காலத்தின் விருப்பத்திற்கேற்ப வளைக்கத் தொடங்கினால் எங்கே நிற்பது? இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சான்றோர் ஒருமித்துக் கூறியதை ஒரு தலைமுறை தள்ளிவிடலாமா? நைஜீரியா, உகாண்டா முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் ஆயர்கள் மேலும் ஒன்று கேட்டனர்: "எங்களுக்கு வேதத்தைக் கற்பித்தவர்கள் நீங்கள். இன்று அதனை மாற்றிப் படிக்கச் சொல்பவர்களும் நீங்களா?" இவ்வினாவில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும், வேதத்தைக் கொணர்ந்த கப்பல்களிலேயே, மேலே நினைவில் வைக்குமாறு கூறிய சட்டங்களும் வந்தன என்பதையும் மறத்தலாகாது. நீண்ட காலம் நம்மிடையே இருந்துவிட்ட காரணத்தால், வெளியிலிருந்து வந்ததும் நம் பழமரபே போலத் தோன்றிவிடுகிறது.

இதனிடையே நாட்டின் சட்டம் சபையை முந்திச் சென்றது. 2013-இல் பாராளுமன்றம் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றுச் சட்டம் இயற்றிற்று. 2014 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்துத் திருச்சபை அத்திருமணங்களை நடத்தாதவாறு அச்சட்டமே விலக்கு வகுத்தது. 2023 ஜனவரியில் ஆயர்கள், சபை இம்மக்களை நடத்திய முறைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரினர். அடுத்த மாதம் மாமன்றம், ஒருபாலின இணையர்க்காக ஆசி வேண்டும் மன்றாட்டுக்களை வரவேற்றது. ஆயர் அவையில் 36-க்கு 4. குருமார் அவையில் 111-க்கு 85. பொதுமக்கள் அவையில் 103-க்கு 92. கடைசி இரண்டு எண்களைக் காணுங்கள். எத்துணை நெருக்கமான பிளவு! 2023 டிசம்பரில் அம்மன்றாட்டுக்கள் வழிபாட்டில் இடம்பெறத் தொடங்கின. ஆனால் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியதே என்ற கொள்கையைச் சபை மாற்றவில்லை. ஒரு சாரார் இதனை மிகை என்றனர். மற்றொரு சாரார் குறை என்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவன யாவை? ஒரு சமயம் தன் கருத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. முதலில் தண்டிப்பதை நிறுத்துகிறது, பின்னர் இரங்குகிறது, பின்னர் செவிமடுக்கிறது, அதன்பின்னரே, சில இடங்களில் மட்டும், ஏற்கிறது. ஒரே சபையில் இந்நான்கு நிலைகளில் நிற்போரும் ஒரே இருக்கையில் அருகருகே அமர்ந்து வழிபடுகின்றனர். இத்தகைய மாற்றம் இப்பொருளுக்கு மட்டும் உரியதுமன்று. வட்டி வாங்குதலைக் கிறித்தவ சபை பல நூற்றாண்டுகள் பாவம் என்றது. இன்று அதற்காக எவரும் கடியப்படுவதில்லை. அடிமை முறையை வேதத்தைக் காட்டி ஆதரித்தவர் பலர். அதே வேதத்தைக் காட்டி எதிர்த்தவரும் பலர். மணவிலக்குப் பெற்றோர், முன்னாள் துணைவர் உயிரோடிருக்கையில், கோயிலில் மறுமணம் செய்துகொள்ள இங்கிலாந்துத் திருச்சபையின் மாமன்றம் 2002-இல்தான் வழிசெய்தது. நூல் மாறவில்லை, அதைப் படிக்கும் கண் மாறிற்று. கண்ணை மாற்றியது பெரும்பாலும் வாதம் அன்று. தன் மகனோ, மகளோ, உடன் பாடும் தோழனோ அவ்வியல்புடையவர் என்று அறிந்த நொடியே.

நம் நாட்டிலும் 377-ஆம் பிரிவு நெடிய வழக்குகளைக் கண்டது. 2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் அதன் கடுமையை நீக்கியது. சமய அமைப்புகள் சிலவும் சேர்ந்து மேல்முறையீடு செய்தன. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் நிலைநாட்டியது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐவர் கொண்ட அமர்வு, வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருபாலினத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க 2023-இல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கு ஒன்று வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளைத் தாம் முழுதும் அறியாதவர் என்று வெளிப்படையாகக் கூறி, உளநூல் வல்லுநரிடம் சென்று கற்றுக்கொண்ட பின்னரே 2021-இல் ஆணை பிறப்பித்தார். மருத்துவத்தால் இவ்வியல்பை மாற்ற முயல்வதை அவ்வாணை தடை செய்தது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் 'எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்கிறேன்' என்று கூறுவதைவிடச் சிறந்த பாடத்தை எந்த ஆசிரியனும் நடத்திவிட முடியாது.

மாணவ மாணவியரே, உங்கள் சமயம் எதுவாயினும் அதன் நூல்களை நீங்களே ஆழ்ந்து கற்று உங்கள் முடிவுக்கு வாருங்கள். அதில் நான் தலையிட விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்வேன். உங்கள் வகுப்பில் நடையாலோ பேச்சாலோ வேறுபட்ட ஒருவனைப் பிறர் எள்ளி நகையாடும்போது, அந்நகைப்பில் சேராதீர்கள். மரபைக் காப்போரும் மாற்றத்தை வேண்டுவோரும் எத்தனையோ செய்தியில் மாறுபட்டனர்; ஆனால் ஒருவனை இழிவுபடுத்துதல் அறமன்று என்பதில் அவ்விரு சாராரின் அறிக்கைகளும் ஒன்றுபட்டன.

ஆலன் டூரிங்குக்கு இறந்து 59 ஆண்டுகளுக்குப் பின், 2013-இல், அரசியாரின் மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-இல் அவருடைய உருவம் இங்கிலாந்தின் ஐம்பது பவுன் நாணயத்தாளில் அச்சாயிற்று. அவர் செய்த குற்றம் என்னவென்று அன்று கேட்ட மாணவன், இன்று நாற்பது வயதைத் தொட்டிருப்பான். இவ்வுரை அவன் செவியில் விழுமாயின், இதோ அவனுக்குரிய விடை: தம்பி, அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. உன் வினாவும் குற்றமன்று. விடை சொல்லாமல் உன்னை அனுப்பியதுதான் தவறு, அது என்னுடையது.